காட்டுப்பள்ளிப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அரங்கம்: ஒரு சுருக்க வரலாறு

காட்டுப்பள்ளிப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அரங்கத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி என்னை யாரும் கேட்கவில்லை. காட்டுப்பள்ளியில் பல்கலைக்கழகம் கிடையாது. கூடைப்பந்து அரங்கமும் கிடையாது. இதைவிட வசதியான தலைப்பு ஒரு வரலாற்றாசிரியனுக்கு வாய்க்காது. கட்டடம் என்று ஒன்று இருந்துவிட்டால் ஆயிரம் தொல்லை. அடிக்கல்லில் யார் பெயர் இருந்தது, அடுத்த ஆட்சியில் அதைப் பெயர்த்தது யார், ஒப்பந்தக்காரர் எந்த வட்டச் செயலாளருக்கு மச்சான், முதல் மழையில் எந்த மூலை ஒழுகியது என்று அலைந்து திரிந்து விசாரிக்க வேண்டும். இல்லாத கூரை ஒழுகாது. இல்லாத கல்வெட்டில் யாரும் பெயிண்ட் அடிக்க மாட்டார்கள்.

இல்லாததை இருப்பதாக எழுதுவது முறையா என்று கேட்பீர்கள். அரசாங்கம் காட்டிய வழியில்தான் நடக்கிறேன். எண்ணூர்க் கழிமுகம் 1996இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் இருந்தது. எதுவும் கட்டக்கூடாத பகுதி என்று குறித்திருந்தது. அடுத்து 1997 என்று ஆண்டு போட்ட இன்னொரு வரைபடம் மாநில அரசு அலுவலகங்களில் புழங்கத் தொடங்கியது. அதில் ஆறாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட கழிமுகத்தைக் காணோம். 2017இல் சூழல் ஆர்வலர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வாங்கிய தாள்களை வைத்து இதை அம்பலப்படுத்தினார்கள். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, படகு போகிறது, வலை விழுகிறது. காகிதத்தில் மட்டும் ஆறு இல்லை. கிணற்றைக் காணோம் என்று போலீஸ் நிலையத்துக்குப் போன வடிவேலுவைப் பார்த்து நாடே சிரித்தது. அவர் கையிலாவது கிணறு வெட்டிய ரசீது இருந்தது. எங்கள் ஊரில் ரசீதைக் கிழித்தவரும் புகாரை வாங்குபவரும் ஒரே ஆள்.

இருக்கிற ஆற்றை இல்லாமலாக்க அரசாங்கத்துக்கு உரிமை உண்டென்றால், இல்லாத அரங்கத்தை இருக்க வைக்க எனக்கும் உண்டு. வரலாற்றைத் தொடங்குகிறேன்.

அரங்கம் அமைந்த இடத்தைப் பற்றி முதலில். கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் கிளைகளும். தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு. நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல் திட்டுதான் காட்டுப்பள்ளி. திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது என்று வருவாய்த்துறை சொல்லும். மின்சாரம் வேண்டும்போது மட்டும் அது சென்னையைச் சேர்ந்தது. மீனவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரில் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். இவர்களைச் சுற்றி அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூரில் இன்னொரு அனல்மின் நிலையம், 2001 முதல் எண்ணூர் துறைமுகம், 2013 முதல் காட்டுப்பள்ளித் துறைமுகம். அடுத்தடுத்து இரண்டு துறைமுகம். ஒரு தெருவில் இரண்டு டாஸ்மாக் இருந்தால்கூட மனு கொடுக்கலாம்.

கூடைப்பந்து நம்மிடம் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் அடங்காமல் திரிந்த மாணவர்களைக் கட்டிப்போட ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். பீச் பழக்கூடை இரண்டை உயரத்தில் ஆணி அடித்து மாட்டினார். அந்தப் பள்ளியில் படித்த ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து 1920இல் உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார். நந்தனத்தில் இன்றைக்கும் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி அதுதான். ஆசியாவிலேயே முதலாவது என்பார்கள்.

நெய்ஸ்மித்தின் முதல் கூடைக்கு அடிப்பக்கம் இருந்தது. உள்ளே விழுந்த பந்து திரும்ப வராது. ஒருவர் ஏணி போட்டு ஏறி எடுத்துத் தர வேண்டும். அமெரிக்கர்கள் பின்னாளில் அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டார்கள். வடசென்னையிலிருந்து கோட்டைக்குப் போகும் மனுக்கள் விழும் கூடைக்கு அடி இன்னும் அப்படியே இருக்கிறது. ஏணியைத்தான் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இனி 1995. அந்த டிசம்பரில் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்காகப் பெரியமேட்டில் நேரு உள்விளையாட்டரங்கம் எழுந்தது. சுமார் 8,000 பேர் உட்காரலாம், முழுவதும் ஏ.சி. அது கட்டப்பட்ட அதே காலத்தில் அத்திப்பட்டில் இன்னொரு கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1994 அக்டோபரில் ஓடத் தொடங்கியது, இரண்டாவது 1995 மார்ச்சில், மூன்றாவது 1996 பிப்ரவரியில். ஒவ்வொன்றும் 210 மெகாவாட். இரண்டு பிள்ளைகளும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள் என்றே நான் கருதுகிறேன். ஒரு பிள்ளையைப் பெரியமேட்டில் பட்டுத் தொட்டிலில் போட்டார்கள். மற்றதைக் கொண்டுவந்து கழிமுகத்தில் போட்டார்கள். அங்கே விளக்கு, இங்கே சாம்பல்.

எங்கள் கரண்டில்தான் உங்கள் விளக்கு எரிகிறது என்று எப்படிச் சொல்கிறாய் என்று மின்வாரியத்துப் பொறியாளர் ஒருவர் மடக்குவார். நியாயம்தான். கம்பியில் ஏறிய பிறகு மின்சாரத்துக்கு ஊர்ப்பெயர் கிடையாது. சாம்பலுக்கு உண்டு. அது எண்ணூரைத் தாண்டி ஒரு அடி நகர்ந்து பெரியமேட்டில் விழுந்ததில்லை. அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய்கள் ஆண்டுக்கணக்காக ஒழுகின. ஒழுகிய சாம்பல் ஆற்றில் படிந்து, ஆள் முங்கும் ஆழம் இருந்த இடம் முழங்கால் அளவுக்கு வந்தது. படகைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள். செப்பாக்கம் என்ற ஊரே சாம்பல் குளத்தின் விளிம்பில் கிடக்கிறது. காற்றடித்தால் சோற்றில் விழும். வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது, குழுக்கள் வந்தன, 2022இல் தீர்ப்பு வந்தது, சாம்பலும் வந்துகொண்டிருக்கிறது.

பெரியமேட்டு அரங்கத்துக்கு அதன்பின் வந்த புகழைச் சொல்லாவிட்டால் வரலாறு முழுமையாகாது. 2009இல் ஆசியப் பெண்கள் கூடைப்பந்துப் போட்டி அங்கேதான் நடந்தது, சீனா வென்றது. 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. அதற்காகக் கூவத்தின் மேல் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டார்கள். பாலத்தைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் ஒருவரும் கீழே ஓடும் தண்ணீரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வெள்ளைக் கட்டத்துக்கு வேலையே இல்லை என்று தெரிந்திருக்கும். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா போட்டியைப் பிரதமர் வந்து தொடங்கி வைத்தார். மற்ற நாட்களில் சினிமாப் பாட்டு வெளியீடு. ஒரு நடிகர் மேடையில் ஏறிக் குட்டிக்கதை சொல்லி முடிப்பதற்குள் எத்தனை யூனிட் ஓடும் என்று மீட்டர் பார்த்தவர் சொல்லட்டும். விளையாட்டரங்கம் என்ற பெயருக்கு மதிப்பளித்து இடையிடையே விளையாட்டும் நடக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் பிறந்தது. மெரினாவைப் பார்த்து உட்கார்ந்தது. அதன்பின் வந்தவற்றில் பல கிண்டி, அடையாறு, தரமணி என்று தெற்கே தெற்கே போயின. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கியபோது வடக்கே ஒரு பார்வை பார்ப்பார்கள் என்று யாராவது நினைத்திருந்தால் அவர் ஊருக்குப் புதுசு. அது வண்டலூரைத் தாண்டி மேலக்கோட்டையூரில் இருக்கிறது. காட்டுப்பள்ளிப் பையன் ஒருவன் அங்கே கூடைப்பந்து ஆடப் போக வேண்டுமென்றால் சென்னையை மேலிருந்து கீழ்வரை முழுசாகக் கடக்க வேண்டும். போய்ச் சேர்வதற்குள் அவன் மாரத்தான் வீரனாகிவிடுவான்.

பொன்னேரியில் மட்டும் ஒரு நல்ல காரியம் நடந்தது. மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று அங்கே இருக்கிறது. கழிமுகத்தின் உப்பு எவ்வளவு, இறால் குஞ்சு எங்கே வளரும், அலையாத்தி வேர் எதற்கு என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். செய்முறை வகுப்புக்குப் பக்கத்திலேயே கழிமுகம். பாடத்திட்டம் முடிவதற்குள் கழிமுகம் முடிந்துவிடக்கூடாதே என்பதுதான் என் கவலை. முடிந்தாலும் பரவாயில்லை, வரலாற்றுத்துறைக்கு மாற்றிவிடலாம்.

வடக்கே விளையாட்டே இல்லையா என்றால், இருக்கிறது. கோட்டைக்கு அந்தப் பக்கம் குத்துச்சண்டை பரம்பரை பரம்பரையாக வந்த ஊர் இது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று அணி பிரிந்து ராயபுரத்து ஆட்கள் மோதியதை இப்போது சினிமா பார்த்து உலகமே தெரிந்துகொண்டது. அரசும் தெரிந்துகொண்டு குத்துச்சண்டை அகாடமி கட்டி 2025இல் திறந்தது. எங்கே? கோபாலபுரத்தில். கோபாலபுரத்தில் யார் யாரை எப்போது குத்தினார்கள் என்பது அரசியல் வரலாறு. அதை விளையாட்டுத்துறைக் கணக்கில் எழுதியது எந்த அதிகாரியோ, கைகொடுக்க வேண்டும்.

கேரம் இருக்கிறது. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். வடசென்னை ஏன் கேரத்தில் இத்தனை பேரைப் பெற்றது என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு நான் ஒரு குறிப்புத் தருகிறேன். கேரம் பலகையின் ஆடுகளம் 74 சென்டிமீட்டர் சதுரம். தமிழ்நாட்டில் எந்தத் தொழிற்பூங்காவுக்கும் எந்தத் துறைமுகத்துக்கும் கையகப்படுத்த முடியாத ஒரே மைதானம் அதுதான். இரவில் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அதே இடத்தில் படுத்துத் தூங்கலாம்.

நம் அரங்கத்தின் வசதிகளை இப்போது விவரிக்க வேண்டும். ஆட்டம் முடிந்து வரும் வீரர்களுக்கு வெந்நீர்: அனல்மின் நிலையத்தின் குளிர்விப்பு நீர் சூட்டோடு கழிமுகத்துக்குள் வந்துவிடுகிறது, மீன்கள் நெடுங்காலமாக இந்த வசதியை அனுபவித்துச் செத்திருக்கின்றன. பந்து கைவழுக்காமல் இருக்கப் பூசும் பொடி: வானத்திலிருந்து நேரடி விநியோகம். உடற்பயிற்சி: 2017 ஜனவரி கடைசியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையெல்லாம் எண்ணெய். நாட்டின் தொழில்நுட்பமெல்லாம் யோசித்து முடித்துக் கடைசியில் கண்டுபிடித்த கருவி பிளாஸ்டிக் வாளி. இளைஞர்கள் வரிசையில் நின்று கறுப்புச் சேற்றை வாளி வாளியாகக் கைமாற்றினார்கள். பாஸிங் என்றால் அதுதான் பாஸிங். நந்தனத்தில்கூட அவ்வளவு நேர்த்தியாகக் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து மறுபடியும் எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படர்ந்தது. மறுபடியும் கையும் வாளியும். ஆறு ஆண்டில் சந்திரனில் கலம் இறக்கிவிட்டோம், வாளி மாறவில்லை.

இரவுப் போட்டியும் உண்டு. அதே 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண்ணெரிந்து, மூச்சு முட்டி, கைக்குழந்தையும் கிழவியுமாக ஊரே சாலைக்கு ஓடியது. பலரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த மாதம் தீவுத்திடலைச் சுற்றி இரவு வெளிச்சத்தில் கார்ப் பந்தயம் நடத்துவதாக இருந்து புயலால் தள்ளிவைத்திருந்தார்கள். தெருவில் இரவு நேரப் பந்தயம் இந்தியாவிலேயே முதல் முறை என்று அடுத்த ஆண்டு ஆகஸ்டில் விளம்பரம் செய்தார்கள். முதல் முறை இல்லை ஐயா. பெரியகுப்பத்துக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். கார் இல்லாமல், ஹெல்மெட் இல்லாமல், ஈரத்துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். டிக்கெட்டும் வைக்கவில்லை.

இந்த அரங்கத்துக்கு வருகை தந்த பிரமுகர் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான். அது உண்மைப் பெயர். சார்லஸ் ட்ரூ. இரத்த வங்கி முறையை வளர்த்தெடுத்த அமெரிக்கக் கறுப்பின மருத்துவர். மருத்துவம் படிக்கப் போகும் முன் பால்டிமோரில் மோர்கன் கல்லூரியில் விளையாட்டு இயக்குநராக இருந்தவர். அவர் 1950இல் இறந்துபோனார். ஆனால் 2022 ஆகஸ்டில் காட்டுப்பள்ளிக்கு வந்தார், கப்பலாக. அவர் பெயர் கொண்ட அமெரிக்கக் கடற்படைக் கப்பல் எல் அண்டு டி தளத்துக்குப் பழுதுபார்க்க வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்று பழுதுபார்க்க இந்தியாவுக்கு வருவது அதுவே முதல் முறை என்று டெல்லியிலிருந்து அதிகாரிகள் வந்து வரவேற்றார்கள். மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த அதே நாட்கள். கல்லூரி விளையாட்டுக்கும் காட்டுப்பள்ளிக்கும் வரலாற்றில் ஏற்பட்ட ஒரே சந்திப்பு இதுதான், அதுவும் ஆள் செத்து எழுபது வருஷம் கழித்து. அந்தக் கப்பல் கட்டும் தளத்துக்காகத்தான் காட்டுப்பள்ளிக் குப்பத்தை எழுப்பி வேறிடத்தில் உட்கார வைத்தார்கள். வேலை தருவதாகச் சொன்னார்கள். வந்தது ஒப்பந்தக் கூலி. நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அமெரிக்கக் கப்பலின் ஓட்டை பதினொரு நாளிலோ பன்னிரண்டு நாளிலோ அடைபடுகிறது. வாக்குறுதியில் விழுந்த ஓட்டைக்கு மட்டும் உதிரிபாகம் கிடைப்பதில்லையாம்.

துறைமுகம் 2018இல் எல் அண்டு டி கையிலிருந்து அதானி கைக்குப் போனது. கை மாறியதும் பசி மாறியது. 330 ஏக்கரில் இருக்கிற துறைமுகத்தை 6,110 ஏக்கராக்க ஒரு திட்டம் வந்தது. செலவு 53,000 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டன் சரக்குத் திறன் 32 கோடி டன்னாகுமாம். கடலைத் தூர்ப்பதும் இந்தக் கணக்கில் அடக்கம். நான் விளையாட்டு வரலாற்றுக்காரன் என்பதால் என் கணக்கு வேறு. கூடைப்பந்துத் திடல் ஒன்றின் அளவு 28 மீட்டருக்கு 15 மீட்டர், அதாவது 420 சதுர மீட்டர். 6,110 ஏக்கரில் 58,000 திடலுக்கு மேல் போடலாம். மீனவர் குப்பத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆளுக்கொரு திடல் கொடுத்தாலும் மிச்சம் கிடக்கும். மிச்சத்தில் அமைச்சர்கள் நடைப்பயிற்சி போகலாம். ஒரு கம்பெனிக்கு ஐம்பத்தெட்டாயிரம் திடல் அளவு நிலமும் நீரும் தேவைப்படலாம் என்று எழுதிக் கொடுக்கும் நாட்டில், ஒரு ஊருக்கு ஒரு திடல் கேட்டால் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

அரங்கத்துக்குப் பெயர் வைக்கும் விஷயத்தில் அமெரிக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். கெண்டகி மாநிலத்தில் லூயிவில் பல்கலைக்கழக அணி ஆடும் அரங்கம் 2010இல் திறந்தது. 23 கோடி டாலருக்கு மேல் செலவு. பெயர் கே.எஃப்.சி. யம் சென்டர். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் பொரித்த கோழியின் பெயருக்குக் கீழே பந்தாடுகிறார்கள். எதிர்பார்த்த வரி வருமானம் வராமல் கடனில் ஒரு பங்கை நகர மக்கள் தலையில் கட்டினார்கள். அதே நகரத்தின் மேற்கே, அரங்கம் இருக்கிற அதே ஆற்றங்கரையில், ரப்பர்டவுன் என்று ஒரு பகுதி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செயற்கை ரப்பருக்காக வந்த இரசாயன ஆலைகள் இன்னும் இருக்கின்றன. சுற்றிலும் ஏழைகள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், காற்று நாறுகிறது என்று தலைமுறையாகப் புகார் சொல்கிறார்கள். ஆக லூயிவில்லுக்கும் ஒரு பெரியமேடு, ஒரு எண்ணூர். பெயர் வைக்கும் சாமர்த்தியத்தில் மட்டும் நாம் அவர்களுக்கு இளைத்தவர்கள் இல்லை. எண்ணூர் துறைமுகத்துக்கு 2014இல் காமராஜர் பெயரைச் சூட்டினார்கள். பள்ளிக்கூடம் திறந்தவர் பெயரில் நிலக்கரி இறங்குகிறது. எதிர்ப்பவனும் வாயைத் திறக்க முடியாது. காமராஜர் கழிமுகத்தைக் கெடுக்கிறார் என்று எவன் கோஷம் போடுவான்?

எந்த ஆட்டத்துக்கும் ஒரு நடுவர் வேண்டும். இந்தப் பக்கத்து மீனவர்களிடம் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த வலை எந்த நாள் எந்த இடத்தில் இறங்கலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். மீறினால் ஊர்க்கூட்டம் கேட்கும். எழுத்தில் எதுவும் இல்லை, ஆனால் விதி விதிதான். அதானி துறைமுகத்தில் விதி வேறு. அந்த நிறுவனத்தில் தமிழ்நாடு அரசின் டிட்கோவுக்கு 3 விழுக்காடு பங்கு. விரிவாக்கத்துக்கு மக்களின் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவது தமிழ்நாடு அரசின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். வாயில் விசில், உடம்பில் ஒரு அணியின் பனியன். பந்து வெளியே போனால் யாருக்குக் கொடுப்பார் என்று கேட்கிற அளவுக்கு நாம் அப்பாவிகள் இல்லை.

கூட்டமாவது நடந்ததா? அதிமுக ஆட்சியில் 2021 ஜனவரி 22 என்று தேதி வைத்தார்கள். கொரோனாவைச் சொல்லி ஒத்திவைத்தார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் விரிவாக்கத்தை அனுமதிக்க மாட்டோம் என்றது திமுக. குப்பங்கள் நம்பி ஓட்டுப் போட்டன. ஜெயித்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்று அவர்கள் ஆட்சியில் மறுபடியும் தேதி வந்தது. அனுமதிக்கவே மாட்டோம் என்றவர்கள் அனுமதி தரலாமா என்று கேட்கக் கூட்டம் போடுகிறார்கள். பழவேற்காட்டிலிருந்து எண்ணூர் வரை கொதித்ததும் அதையும் ஒத்திவைத்தார்கள். கைவிட்டோம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. கூடைப்பந்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு 24 விநாடிக்கு மேல் எறியாமல் நிற்கக்கூடாது. அந்த விதியை அரசியலுக்கும் கொண்டுவந்தால் தமிழ்நாட்டில் ஒரு கட்சியும் மைதானத்தில் மிஞ்சாது.

அதனால் இந்த வரலாற்றை எழுதி முடிக்கும் தகுதியில் ஒரு யோசனை சொல்கிறேன். காட்டுப்பள்ளிக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குச் சரியான இடம் கிடைக்காமல்தான் தள்ளிப்போகிறது போலும். பெரியமேட்டில் 8,000 பேர் உட்காரும் அரங்கம் இருக்கிறது. பாட்டு வெளியீடு இல்லாத நாளாகப் பார்த்துத் தேதி குறியுங்கள். காட்டுப்பள்ளியிலிருந்தும் செப்பாக்கத்திலிருந்தும் பெரியகுப்பத்திலிருந்தும் பஸ் விடுங்கள். மாநாட்டுக்கு ஆள் பிடிக்க விடுகிறீர்களே, அதே பஸ். முன்வரிசை சோபாவில் இறால் பிடிக்கும் இருளர் பெண்களை உட்கார வையுங்கள். டிட்கோ அதிகாரியும் கம்பெனி அதிகாரியும் மேடையில் தனித்தனி நாற்காலியில் உட்காரட்டும், இல்லாவிட்டால் யார் எவர் என்று எங்களுக்கு அடையாளம் தெரியாது. 1996 வரைபடத்தையும் அடுத்து வந்த வரைபடத்தையும் அரங்கத்தின் பெரிய திரையில் போட்டு, ஆறு எங்கே போனது என்று யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லட்டும். ஏ.சி.யை மட்டும் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். எங்கள் ஆட்களுக்கு அந்தக் குளிர் பழக்கமில்லை. கரண்டு இங்கே தயாராகிறது என்றுதான் சொன்னேன், இங்கே வருகிறது என்று சொல்லவில்லை.